ஒற்றை வாசல்

வீரம் என்பது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்பது யோகேந்திரனின் கட்சி. போர்க்காலத்தில் தமிழர் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டிய துண்டின் பிரதியைச் சட்டைப்பையில் ஒன்று, காற்சட்டைப்பையில் ஒன்று, சப்பாத்துக்குள் ஒன்று என்று வைத்துக்கொண்டு நடமாடும் மனிதர்.

கட்டுகஸ்தோட்டையில் லாபிரின் நெட் கபேக் கணினிகள் அவர் பொறுப்பு. இணையத்தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைக் கேட்டறிந்து தரும் மென்பொருள் ஒன்று அங்கே ஓடியது. 2008 ஜூலையில் அதில் பெரிய ஓட்டை என்று உலகம் அலறியது. கேள்விகள் எப்போதும் ஒரே வாசலால் போனால், உண்மையான பதில் வருமுன் கள்ளப் பதிலை அதே வாசலால் நுழைத்துவிடலாமாம். கேள்விக்குக் கேள்வி வாசலை மாற்றும் திருத்தம் வந்தது. யோகேந்திரன் அன்றே போட்டார். ஆனால் தான் முன்பு எழுதிய வரியொன்றை அழிக்கவில்லை: எல்லாம் 53ஆம் வாசலால் மட்டும். அது இருக்கும்வரை திருத்தம் பலிக்காது என்று தெரியும். ஆனால் தமிழன் ஒருவனின் பொறுப்பிலுள்ள கணினியின் கேள்விகள் ஆயிரம் வாசலால் ஓடினால், பொலிஸுக்கு யார் விளக்கம் சொல்வது?

லீலாதேவி ரீச்சரின் மகன் கிளிநொச்சியில் நிவாரண நிறுவனமொன்றின் சாரதி. அவன் அனுப்பும் மின்னஞ்சல்களை, கண் மங்கிய ரீச்சருக்குச் சனிக்கிழமைகளில் யோகேந்திரன்தான் வாசிப்பார். செப்டெம்பரில் போர் நெருங்கி நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற, உள்ளூர்ப் பணியாளனான அவன் அங்கேயே அகப்பட்டான்; கடிதம் நின்றது. ரீச்சர் பழையவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்த மாதமே கள்ளப் பதில் நுழைந்து, மின்னஞ்சல் தளத்துக்குப் பதிலாகத் திருடர்களின் போலிப் பக்கத்தைக் காட்டியது. அதில் ரீச்சரின் கடவுச்சொல்லைத் தட்டியதும் யோகேந்திரனின் விரல்கள்தான். மறுநாள் பெட்டியில் ஒரு கடிதமும் இல்லை.

"ஒங்கட கொம்பியூட்டருக்கும் பொலிஸ் பயமா?" என்றார் லாபிர், அந்த வரியைப் பார்த்து. பிறகு குரல் தாழ்ந்தது. "டீச்சர்ட்ட நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை யோகேந்திரன் சொன்னார். "எல்லாம் அழிஞ்சு போச்சு ரீச்சர். என்ர பிழை. பயத்தில ஒரு வேலையைச் செய்யாமல் விட்டிட்டன்."

"திரும்ப எடுக்கேலாதோ?"

"ஏலாது."

ரீச்சர் கதிரையை விட்டு எழவில்லை. "நீர்தானே தம்பி வாசிச்சனீர். ஞாபகமிருக்கிறதைச் சொல்லும்."

எத்தனையோ இயந்திரங்களின் இலக்கங்கள் யோகேந்திரனுக்கு மனப்பாடம்; கடிதங்களில் நினைவுக்கு வந்தது ஒன்றுதான். "பிரஷர் குளிசை போடுறீங்களோ எண்டு கேட்டவர்."

"அது எல்லாத்திலையும் கேப்பான். வேற?"

வேறு வரவில்லை. வாய் தன்பாட்டில் பேசியது. "குளத்தில பெரிய விரால் ஒண்டு பிடிச்சு, பெடியளோட சமைச்சுத் திண்டவராம்."

"அவன் மீன் மச்சம் தொடமாட்டான்."

யோகேந்திரன் தலை குனிந்தார். வெளியே கண்டி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரீச்சர் கைப்பையை மடியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு பெரிய விரால்?"