மாமாவின் கணுக்கால் பட்டை

நடை ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலையே, ஊரார் நடப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பதுதான். இரண்டு கணுக்காலிலும் கட்டும் பட்டைக்குள் பொத்தான் அளவு சென்சார் ஒன்று இருக்கும். கால் எப்போது தரையை விட்டது, எவ்வளவு உயர்ந்தது, எப்படி இறங்கியது என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். ஒரு வாரம் வீட்டில் கட்டியிருந்து திருப்பிக் கொடுத்தால், திரையில் அலையலையாகக் கோடு வரும். அதைப் பார்த்து அவள் அறிக்கை எழுதுவாள்.

அந்த முறை பட்டை கட்டிக்கொள்ள வந்தவர் அவளுடைய தாய்மாமா. பேருந்து ஓட்டுநர். வலது முழங்காலில் அறுவை முடிந்து வீட்டில் இருந்தார். மறுபடி ஸ்டியரிங் பிடிக்க இங்கிருந்து நல்ல அறிக்கை போக வேண்டும். போகாவிட்டால் டிப்போ அலுவலகத்தில் ஒரு நாற்காலி. அதைவிட வீட்டிலேயே கிடக்கலாம் என்பார் மாமா.

“என்னம்மா, மாட்டுக்கு லாடம் கட்டற மாதிரி கட்டற?”

“ஆடாம இருங்க மாமா. குளிக்கும்போது கழட்டிக்கலாம். மத்தபடி எப்பவும் போல இருந்தா போதும்.”

“எப்பவும் போலன்னா சோபாவுலதான் இருக்கணும்.”

கூட வந்திருந்த அத்தை சிரித்தார். “இப்ப அவருக்கு சோபாதான் பெரிய வீடு. நான் சின்ன வீடு.”

“ஒரேயடியா உட்கார்ந்துட்டா, கால் சரியில்லன்னு எழுதிடுவேன், பாத்துக்கோங்க” என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. பட்டை திரும்பி வந்தபின், அறிக்கை எழுதி முடியும்வரை சம்பந்தப்பட்டவரோடு பேசக் கூடாது. பேசினால் மனசு சாயும். அவர் தன் மாமா என்று தலைமை ஆய்வாளரிடம் முன்பே சொல்லியிருந்தாள். “பெயர் பார்க்காம கோட்டைப் பாரு, போதும்” என்று அவர் முடித்துவிட்டார்.

கோட்டைப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நடைக்குக் குறைவில்லை, காலில் சக்கரம் கட்டியது போல விடிந்ததிலிருந்து ஓட்டம். ஆனால் இடது பாதத்தின் முன்பக்கம் சரியாக எழவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டே போனது. எடுத்து வைக்கும் எட்டும் குட்டையாக இருந்தது. ‘ஆள் உயரத்துக்கும் எட்டுக்கும் பொருந்தவில்லை’ என்று மென்பொருள் மஞ்சள் குறி போட்டது. பதிந்திருந்த மாமாவின் உயரத்தைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அறுவை நடந்தது வலது காலில், இழுபடுவது இடது காலா? கை போன் பக்கம் போனது. விதி நினைவுக்கு வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் வந்தது. இப்போது கூப்பிட்டால் மாமா ஏதாவது சமாதானம் சொல்வார், தானும் நம்பிவிடுவாள். சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சு வரும். போனைக் கவிழ்த்து வைத்தாள். வலது காலைக் காப்பாற்ற இடது காலில் பாரம் போகிறது, பயத்தில் எட்டு குறைந்திருக்கிறது என்று தனக்குத் தானே காரணம் சொல்லி, மஞ்சள் குறியைத் தள்ளிவிட்டாள். ‘ஓட்டுநர் பணிக்கு இப்போதைக்கு ஏற்றவர் அல்ல’ என்று எழுதினாள்.

மருத்துவர் மாமாவின் காலைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. “நம்ம முன்னாடி எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க, வீட்டு நடைதான் நிஜம்” என்று கையெழுத்துப் போட்டார்.

மாமா சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்குப் போனபோது, “உன் மெஷினுக்குக் கண்ணு சரியில்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை டீ கொண்டு வந்தார். கை நடுங்கி, பாதி டீ சாஸரில்தான் இருந்தது. கோபம் போல என்று எண்ணித் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா டிப்போ நாற்காலிக்குப் போனார். மழைக்காலம் முடியும் சமயம், அத்தை வாசற்படியில் விழுந்தார். கழுத்தெலும்பு தேய்ந்து, கை கால்களுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அறுவை செய்தார்கள். இனி மோசமாகாது, ஆனால் போனது முழுசாகத் திரும்பாது, கால் இழுக்க ஆரம்பித்தபோதே வந்திருக்கலாமே என்றார் மருத்துவர்.

நடையை அளக்க அத்தையை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தார் மாமா. அவள்தான் பட்டை கட்டினாள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு அத்தை நடந்தார். திரையில் கோடு வந்தது. முகத்தை மறந்தாலும் அவள் கோட்டை மறப்பதில்லை. பழைய கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே இடது பாதம், அதே தேய்ப்பு. இப்போது ஆழம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

“அத்தை, அந்த வாரம் பட்டை யார் கால்ல இருந்துச்சு?”

“கண்டுபிடிச்சிட்டியா?” அத்தை மூச்சு வாங்க உட்கார்ந்தார். “உட்கார்ந்தே இருந்தா எழுதிடுவேன்னு சொன்னியே. இவர் எழுந்திருக்கிற வழியா இல்ல. எப்படியும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கேன், குடுங்கன்னு நானே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

“அறிக்கை வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உன் வேலை என்னாகும்? மாமா, மருமக ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்தினாங்கன்னுதானே சொல்வாங்க? கால் மரத்த மாதிரிதான் இருந்துச்சு. வயசாச்சுன்னு விட்டுட்டேன்.”

மாமா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “மெஷின் தப்புன்னு நினைச்சேன்மா. அது அவ காலைச் சொல்லுதுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

அன்று போனைக் கவிழ்க்காமல் இருந்திருந்தால் இது வேறு மாதிரி ஆகியிருக்கும். தலைமை ஆய்வாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டினார், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், மாமாவுக்கு மறுபடி பட்டை கட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் மாமாவின் கோடு வந்தது. இரண்டு பாதமும் சுத்தமாக எழுந்து இறங்கின. ஆனால் எட்டு குட்டை. நாலு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு எட்டு. திரையின் ஓரத்தில் அதே மஞ்சள் குறி.

விதி அப்படியேதான் இருந்தது. அவள் போனை எடுத்தாள்.

“மாமா, பட்டை யார் கால்ல இருந்துச்சு?”

“என் கால்லதாம்மா, சத்தியமா. ஏன், மறுபடி தப்பா?”

“எட்டு ரொம்பக் குட்டையா இருக்கே?”

“அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன்ல. நீட்டி வெச்சா திட்டறா, பஸ் ஓட்டறதா நெனப்பான்னு.”

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. “யாருங்க போன்ல?”

அன்றைக்கும் இவ்வளவுதான் கேட்க வேண்டியிருந்தது. போன் காதிலேயே இருந்தது.

“நம்ம பொண்ணுதான்” என்றார் மாமா அங்கே. “கால் யாரோடதுன்னு கேக்கறா.”