கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

என் மாமியார் அளவெடுத்துத் தைக்காதவை இந்த வீட்டில் இரண்டுதான். ஒன்று கேஸ் அடுப்பு, இன்னொன்று நான். ரிமோட்டுக்குச் சட்டை, தண்ணீர் கேனுக்குப் பாவாடை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக் கையுறை என்று தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே வீடு முழுவதையும் உடுத்திவிட்டார். எனக்கு மட்டும் பிறந்தநாளுக்குக் கடைச் சட்டை, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல.

வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து நான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் தினமும் காலையில், "என்ன மாப்பிள்ளை, இன்னிக்கு ஏதாவது?" என்பார். அந்த 'ஏதாவது' எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒருவழியாக, ஒரு சீரியலுக்கு சப்டைட்டில் எழுதும் வேலை வந்தது. ஒரே ஒரு எபிசோட், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் 'ஏதாவது'.

புதன்கிழமை, கதாநாயகி அழத் தொடங்கிய இடத்தில் திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது.

ரிப்பேர் கடைக்காரர் வந்தார். எதற்கும் "ரீஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று கேட்பதால் தெருவில் அவர் பெயரே ரீஸ்டார்ட். பெட்டியைத் திறந்து கைநிறையப் பஞ்சை உருவினார்.

"என்ன சார், உள்ள தலகாணி செய்றீங்களா?"

எல்லாம் தையல் மெஷினிலிருந்து பறந்த துணித்தூசி. மாமியாரின் முகம் சுருங்கிப்போனது. தூசியைத் தட்டியதும் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அதற்கு ஒரு சட்டை தயாராக இருந்தது. கருநீலத் துணி, உள்ளே லைனிங், ஓரத்தில் பைப்பிங், ஸ்விட்சுக்கு ஒரு காஜா.

"இனிமே ஒரு பொட்டுத் தூசி உள்ள போகாது மாப்பிள்ளை" என்றார்.

எனக்கென்று அத்தை தைத்த முதல் பொருள். உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

சட்டையை மாட்டிக் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோனது. அம்புக்குறி அசையவில்லை, கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றாள். ரீஸ்டார்ட் வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போனார். அங்கே நாள் முழுவதும் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அத்தை உடுத்திவிட்டார், அது நின்றது. ரீஸ்டார்ட் மறுபடி வந்து வைரஸ் தேடினார், சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினார், பிளக்கை மாற்றினார்.

கடைசியில், "மாமியார் வீட்டுக்கு வந்தா மட்டும் வாயடைச்சுப் போகுது சார், உங்கள மாதிரியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எரிச்சலாக வந்தது. பொய்யென்று சொல்லவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெறுத்துப்போய் மேஜைக்கடியில் காலை நீட்டினேன். கட்டைவிரல் சுட்டது. அந்த அழகான சட்டைக்குள் பெட்டி வெந்துகொண்டிருந்தது.

சொன்னால் அத்தை மனசு நோகும், சொல்லாவிட்டால் வேலை போகும். நல்ல மாப்பிள்ளையாகத் திருட்டு வழியைப் பிடித்தேன். சட்டையைக் கழற்றி எழுதுவேன், அத்தையின் காலடிச் சத்தம் கேட்டால் மாட்டிவிடுவேன். தையல் மெஷின் சத்தம் நின்றதைக் கவனிக்காத ஒரு தடவை, சட்டையும் கையுமாகப் பிடிபட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"சூடாகுது அத்தை. உள்ளயே அடைஞ்சு… அதான் நின்னு நின்னு போகுது."

அவர் குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சட்டையை வாங்கிக்கொண்டு போனார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. கிழித்துப் போடுகிறார் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தபோது சட்டையின் முதுகிலும் பக்கங்களிலும் பெரிய ஜன்னல்கள், அவற்றில் கொசுவலைத் துணி.

"இப்போ மாட்ட வேணாம். வேலை முடிஞ்சு ஆஃப் பண்ணதும் மாட்டலாம்" என்றார். "ரெண்டு நாளா தெரிஞ்சுதான் சும்மா இருந்தீங்களா?"

"இல்ல அத்தை, இன்னிக்கு மத்தியானம்தான்…"

"மத்தியானமே சொல்லியிருக்கலாம்ல?"

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, ஏதாவது…"

"அவருக்கு வேலை இருக்கு. பேச்சுக் குடுக்காதீங்க" என்றார் அத்தை.

எபிசோட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை முதல் அடுத்தடுத்த எபிசோட்கள் வரும் என்று பதில் வந்தது. எழுந்துபோய் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே அளவெடுக்கும் டேப்பை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார்.

"எதுக்கு அத்தை?"

"திங்கக்கிழமை போட்டுக்கத்தான். இறுக்கமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் உள்ளயே புழுங்கிட்டு நிக்காதீங்க."

"கொஞ்சம் லூசா வைங்க" என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அந்த வீட்டில் எனக்கென்று ஒன்றை நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல்முறை.