ஆறு மாதச் சந்தா

அவர் எதையும் ஒற்றையாக வாங்கியதே இல்லை. சோப்பு என்றால் பெட்டியோடு, பல்பு என்றால் டஜனாக. "மொத்தமா வாங்கினா மலிவு" என்பதுதான் அவருடைய வேதவாக்கு. மகளின் கல்யாணத்துக்கு நூறு பத்திரிகை கூடுதலாக அடித்துவிட்டு, பேரன் பள்ளிக்கூடம் சேரும்வரை அவற்றின் முதுகில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த மனிதர். வேலையும் இரும்புச் சாமான் கடையின் கிடங்கில், கேட்கவா வேண்டும்! மனைவி அவருக்கு வைத்த பெயர் மொத்தக்கடை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மாதாமாதம் ஒரு வழவழப்பான சுற்றுலாப் பத்திரிகை வந்தது. பணக்காரர்கள் தங்கும் ஹோட்டல்களும் தீவுகளுமாக, தூக்கினால் கை வலிக்கும் கனம். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து ஊரைத் தாண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பழைய இதழ் ஒன்றை எடுத்த மனைவி, தன் பெயரைக் கூப்பிட்ட பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. அவர் அன்றைக்கே ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டார்.

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கட்டடத்துக்கு அடியில், ஆவியும் இரைச்சலுமாக ஒரு கூடம். விரிப்புகள் அழுக்காக இறங்கி வரும், வெள்ளையாக ஏறிப் போகும். மேலே ஓர் அறையைக்கூட அவள் பார்த்ததில்லை.

அவள் சாயங்கால மாத்திரை போட்டுக்கொண்டதும் அவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், அவள் அதிலுள்ள படங்களைப் பார்ப்பாள்.

"ஒரு கட்டிலுக்கு ஆறு தலகாணி. படுக்கப்போறது ரெண்டு பேர். மிச்சத்தை எவ துவைக்கிறாளோ, பாவம்" என்பாள். பிறகு, "ஆனா ஜன்னல் நல்லா இருக்குங்க. இங்கேயே தங்கிடலாம்."

"மூணு நாள் தங்கினா நாலாவது நாள் இலவசமான்னு கேட்டுக்கோ" என்பார். அவளுக்குச் சிரிப்பு தாங்காது. நோயை மறந்து அவள் சிரித்தது அந்த ஒரு வேளையில்தான்.

"தண்டச் செலவுப்பா. போகாத ஊருக்கு வழி கேட்டுக்கிட்டு இருக்கீங்க" என்று மகள் போனில் கடிந்துகொள்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் டாக்டர் அவரை மட்டும் தனியாக அழைத்து, "ஆறு மாசம் தாண்டினா பெரிய விஷயம்" என்றார். அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "மாத்திரையை மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்று மனைவியிடம் சொன்னார். மகளிடம்கூட மூச்சு விடவில்லை. கடைசிவரை மனைவிக்குத் தெரியக் கூடாது, அவள் பாட்டுக்கு அறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. காய் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு ஸ்பீக்கரைப் போட்டார். மனைவி ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள்.

"சார், உங்க சந்தா இந்த மாசத்தோட முடியுது. மூணு வருஷத்துக்கு எடுத்தா பாதி விலை. சக்கரம் வெச்ச பெட்டி ஒண்ணும் இலவசம்" என்றாள் ஒரு பெண்.

வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பெட்டி கிடைக்குமா என்று மல்லுக்கு நின்றிருப்பார்.

"ஆறு மாசத்துக்கு மட்டும் போட முடியுமாம்மா?"

"அதுக்கு விலை ரொம்ப அதிகம் சார்."

"பரவாயில்லம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பினார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேசுவதாகச் சொல்லி போனை வைத்தார்.

"டாக்டர் ஆறு மாசம்னு சொன்னாரா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கையில கொஞ்சம் முடை, அதான்."

"பாதி விலைன்னு சொல்லியும் வேண்டாம்னு சொல்ற ஆளா நீங்க?"

அவர் ஈரக் கையோடு கிட்டே வந்தார். அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். "இதைத் தனியா தூக்கிட்டு அலைஞ்சிருக்கீங்களே" என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் அவள்தான் பேசினாள். "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு மூணு வருஷத்துக்கே போடச் சொல்லுங்க."

"எதுக்குடி? நீயே..."

"எனக்கு ஆறு மாசம். மிச்சம் உங்களுக்கு. மாசாமாசம் ஒரு ரூம் பார்த்து வைங்க. சத்தமா படிக்கணும். நான் இல்லேன்னு வாயை மூடிக்கிட்டு உக்காந்துடாதீங்க."

பெட்டி வந்தது. நல்ல சிவப்பு. ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன அன்று, உட்கார்ந்தபடியே தன் துணிகளை முனையோடு முனை சேர்த்து அதில் மடித்து வைத்தாள். "ஒருவழியா நாமளும் பெட்டியோட கிளம்பிட்டோம், மொத்தக்கடை" என்றாள். வாசலில் சக்கரம் கடகடத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு மாதம் ஆகவில்லை. காரியங்கள் முடிந்து மகள் ஊருக்குப் போன மறுநாள் புது இதழ் வாசலில் கிடந்தது. சாயங்காலம் அவர் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலோர அறை ஒன்றைப் பற்றிச் சத்தமாகப் படித்தார்.

"ஜன்னல் நல்லா இருக்கு" என்று அவளுக்குப் பதிலாகத் தானே சொன்னார். "நாலாவது நாள் இலவசமான்னு கேட்டுக்கோ."

வீட்டில் சத்தமே இல்லை. மொத்தமாக வாங்கியது அதிகம் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்லியிருந்தபடியே, அடுத்த பக்கத்தையும் சத்தமாகப் படித்தார்.