ரௌட்டரை மூடினது யார்?

வீரம்மாக்கா ஒத்துக்கொண்டுவிட்டாராம். அதோடு விசாரணை முடிந்தது என்று மேனேஜர் சபாபதி வேலைநீக்கக் கடிதத்தை டைப் பண்ணக் கொடுத்துவிட்டார். மதியம் பன்னிரண்டுக்குக் கையெழுத்து.

கிள்ளானில் எங்களுடையது கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி. எங்கள் கம்ப்யூட்டர்களை சுபாங் ஜெயா கிளையோடு இணைப்பது ரௌட்டர் என்கிற பெட்டி. இரண்டு வாரத்தில் ஆறு தடவை அது அணைந்து அணைந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் சுங்கத்துக்கு அனுப்பும் படிவங்கள் பாதியில் நின்றன. ஆபீஸைத் துப்புரவு செய்கிற வீரம்மாக்காதான் அணைக்கிறார் என்று சபாபதி முடிவு கட்டிவிட்டார். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான் என்று சொன்னால் "நல்லது லா" என்பார். அவ்வளவுதான் மரியாதை.

பேன்ட்ரியில் வீரம்மாக்காவைப் பிடித்தேன்.

"என்னக்கா சொன்னீங்க அவருகிட்ட?"

"'நீதானே மூடுற'ன்னு கேட்டாரு. ஆமா சார், தினமும் நான்தான் மூடுறேன்னேன். அதோட எழுந்து போயிட்டாரு. மாப் போடுறப்ப தண்ணி தெறிக்கக் கூடாதுன்னு அந்தக் கண்ணாடிக் கதவ மூடுவேன் பாப்பா. அதுக்குமா வேலைய விட்டுத் தூக்குவாங்க?"

எனக்கு உச்சந்தலை சுர்ரென்றது. இந்த ஊர்ப் பேச்சில் அணைப்பதும் மூடுவதுதான்; லைட்டையும் மூடுவோம், டிவியையும் மூடுவோம், கதவையும் மூடுவோம். அவர் கேட்டது சுவிட்சை. இவர் சொன்னது கதவை.

மணி பதினொன்றேகால். ரௌட்டரில் கேபிளைச் செருகி, கடைசியாக ஏன் அணைந்தாய் என்று கேட்கும் கட்டளையை அடித்தேன். யாராவது கரண்டை நிறுத்தியிருந்தால் 'பவர் ஆன்' என்று காட்டும். காட்டியது அது இல்லை. மெமரி பாரிட்டி எரர். உள்ளே இருக்கிற மெமரி அட்டை, தன்னிடம் வைத்ததையே தப்பாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அட்டைதான் கெட்டுப் போயிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

சபாபதி காகிதத்தைப் பார்த்தார். "இது நேத்து விழுந்ததுக்கு. மத்த அஞ்சுக்கு?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல். ரௌட்டர் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியையும் நேரத்தோடு எழுதி வைக்க, மூலையில் ஒரு பழைய பி.சி. இருக்கிறது. நான் வைத்ததுதான். அவரைக் கூட்டிப் போய் அதன் முன் உட்கார வைத்தேன். வரிகளை இறக்கிக்கொண்டே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் கை நின்றது. தைப்பூச விடுமுறை, பிற்பகல் மூன்று மணி.

"தைப்பூசத்தன்னைக்கு மூணு மணிக்கு எங்க சார் இருந்தீங்க?"

"பத்துமலையில. ஏன்?"

"ஆபீஸ் சாவி?"

"ஒரே சாவி, என்கிட்டத்தான்."

"அப்ப பூட்டுன ஆபீஸுக்குள்ள யாரு சார் மூடினது?"

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "கரண்டு போயிருக்கும் லா."

"ரெண்டுக்கும் ஒரே பிளக். போயிருந்தா இந்தப் பி.சி.யும் போயிருக்கும். இது ஒரு நிமிஷம்கூட நிக்காம எழுதியிருக்கு, பாருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. லெட்டர நிறுத்திடுறேன்."

"நிறுத்தினா போதாது சார். அக்கா கதவ மூடினதத்தான் சொன்னாங்க. நீங்க பாதி கேட்டுட்டு எழுந்து போயிட்டீங்க. போய் அவங்ககிட்டயே சொல்லுங்க."

என்ன தைரியம் என்பதுபோல் பார்த்தார். ஆனால் போனார்.

ஸ்டோரில் கிடந்த பழைய ரௌட்டரிலிருந்து மெமரி அட்டையைக் கழற்றி, எங்கள் ரௌட்டரில் கெட்டுப்போனதன் இடத்தில் செருகினேன். அவசரத்தில் இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை 'டிக்' என்று உட்கார்ந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. சுபாங் ஜெயா பதில் சொன்னது. தனியாக நின்று சிரித்தேன்.

வெளியே சபாபதியின் குரல். "நான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன் வீரம்மா. மனசுல வச்சிக்காதீங்க."

"வச்சிக்குவேன் சார்," என்றார் வீரம்மாக்கா. "இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தரை ஈரம்."