ஒழுகுவதற்கென்றே கட்டிய பாலம்

பொய் சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே எலிசா கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு, விழுங்கியாச்சு சிஸ்டர் என்று சொல்லும் நோயாளிகளிடம் பழகிய கண் அது. அந்தத் தைரியத்தில்தான், தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று குளச்சலில் இருந்த அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டாள். ஆணும் பெண்ணும் துபாயில் இருக்கும்போது பெண் பார்க்க எதற்கு லீவு போட்டு ஊருக்குப் போக வேண்டும்?

மாப்பிள்ளை முட்டத்துக்காரர், பெயர் செல்வசிங், வேலை இன்ஜினியர் என்றார் தரகர். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஷாஜினிக்கும் இப்படித்தான் ஒரு சூப்பர்வைசரைக் கட்டிவைத்தார்கள். கல்யாணம் முடிந்து பார்த்தால் அவனுக்கு வேலையே இல்லை. அழுது அழுது ஷாஜினி பாதி ஆளாகிப் போனதை எலிசா பக்கத்தில் இருந்து பார்த்தவள். பொய் சொல்கிறவன் ராஜாவாகவே இருந்தாலும் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அல் குசைஸ் பக்கம் ஒரு பார்க்குக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார் செல்வசிங். பெண் பார்க்க வந்தவர் கேட்டுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத்தான் அனுமதி, தனி ஆண்களை விடமாட்டார்கள். உன் ஃபேமிலி எங்கே என்று காவலுக்கு நின்ற பாகிஸ்தான் பட்டாணியர் இந்தியில் குடைந்துகொண்டிருந்தார். எலிசா நேராகப் போய், நான்தான் இவர் ஃபேமிலி என்றாள். உள்ளே நுழைந்ததும், அது கேட்டுக்கு மட்டும் என்று செல்வசிங்கிடம் கறாராகச் சொன்னாள். அதுவும் பொய்தானே என்று கேட்காதீர்கள், அவள் அதைப் பொய்யில் சேர்க்கவில்லை.

பார்க்கின் நடுவில் ரோமாபுரி காலத்துத் தண்ணீர்ப் பாலம் ஒன்று இடிந்து நின்றது. உயரமான வளைவுகள், அவற்றின் தலைமேல் வாய்க்கால், ஒரு பக்கம் கல் பெயர்ந்த விரிசல் வழியே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாததை அளந்துவிடுகிற ஆளா என்று இதை வைத்தே எடைபோடலாம் என நினைத்து, எவ்வளவு பழசு இது என்று கேட்டாள்.

"ரெண்டு வருசம் இருக்கும்," என்றார் செல்வசிங். "எங்க கம்பெனிதான் கட்டிச்சு. முழுசாக் கட்டி, அழகாப் பூசி வச்சா கன்சல்டன்ட் தலையில அடிச்சுக்கிட்டான். இடிஞ்ச மாதிரியாக்கும் வேணும்னுட்டான்."

அதற்குப் பிறகு அவர் மடை திறந்த மாதிரி பேசினார். அந்த விரிசலும் வேண்டுமென்றே விட்டதாம், ஒழுகினால்தான் பழைய பாலமாகத் தெரியுமாம். அதை இவரிடம் யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. டியூட்டிக்கு வந்த முதல் நாளே ஒழுக்கைப் பார்த்துவிட்டு, இப்படியா வேலை செய்வார்கள் என்று நொந்துகொண்டு சாரத்தில் ஏறினார். கொளுத்துகிற வெயிலில் உட்கார்ந்து, ஒரு சொட்டு கசியாமல் அடைத்துவிட்டுத்தான் இறங்கினார். மறுநாள் திறப்பு விழா. கன்சல்டன்ட் போட்ட கூச்சலில், அடைத்த கையாலேயே உளி பிடித்து மறுபடி உடைத்துவிட்டாராம். எலிசா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது.

"இன்ஜினியரா சாரத்துல ஏறி ஒழுக்கு அடைக்கது?"

செல்வசிங்கின் முகம் சுண்டிப்போனது. எலிசா காத்திருந்தாள். ஷாஜினியின் புருஷனாக இருந்தால், ஆள் பற்றாக்குறை, அவசரம் என்று இந்நேரம் ஏதாவது அளந்துவிட்டிருப்பான். இவரும் அப்படி ஒன்றைச் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆளைப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் தொல்லை.

"நான் இன்ஜினியர் இல்ல," என்றார் அவர். "ஐடிஐ படிச்ச பம்ப் ஆபரேட்டர். தரகர் சொன்னத மாத்தச் சொல்லி அம்மைட்ட சண்டை போட்டேன், கேக்கல. நேர்ல வேலையவே காட்டிச் சொல்லணும்னுதான் இங்க வரச் சொன்னேன். பிடிக்கலன்னா சொல்லிருங்க, டாக்சி பிடிச்சுத் தாறேன்."

எலிசா பையிலிருந்து போனை எடுத்தாள். டாக்சிக்குத்தான் என்று நினைத்து அவர் கேட்டைப் பார்த்து நடக்கவே தொடங்கிவிட்டார். குளச்சலில் அப்பா எடுத்து, ஆளைப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பாத்துட்டேன்ப்பா. ஃபாதர்ட்ட சொல்லி எனக்கும் இவருக்கும் கல்யாணம்னு வாற ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு யாரு கேட்டாலும் பம்ப் ஆபரேட்டர்னு சொல்லணும். இன்ஜினியர்னு ஒருத்தரும் வாயத் திறக்கப்பிடாது."