மேஜை விரிப்பின் மூலைகள்

ஆராதனை தொடங்குமுன் கோயிலின் முப்பத்திரண்டு பெஞ்சுகளையும் துடைத்தாக வேண்டும். வாளியில் நனைத்த துணியை அவள் இடது கையால் தூக்கி, ஒரு நுனியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு முறுக்கிப் பிழிவாள். வலது கை மணிக்கட்டோடு முடிந்துபோயிருந்தது. வந்த புதிதில் சபையார் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். இரண்டு வருஷத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பெஞ்சு பளபளவென்று இருந்தால் போதும், எந்தக் கையால் துடைத்தால் என்ன?

பெஞ்சுகள் முடிந்ததும் முன்னால் இருக்கும் மேஜைக்கு வெள்ளை விரிப்பு விரிக்க வேண்டும். அந்த விரிப்பு வாராவாரம் திங்கட்கிழமை சலவை ஆலைக்குப் போய்ச் சனிக்கிழமை திரும்பி வரும். சுருக்கம் ஒன்று இருக்காது. நான்கு மூலைகளும் கத்தியால் நறுக்கினாற்போல இருக்கும்.  அந்த மூலைகள் எப்படி வருகின்றன என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு வருஷம் அந்த ஆலையில் நின்றவள் அவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வரும். ஈரம் வடிந்ததும் அவற்றைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவில் கொடுக்க வேண்டும். உருளை துணியை இழுத்து, தேய்த்து, மறுபக்கம் தள்ளும். உருளைக்கு முன்னால் விரல் உயரத்தில் ஒரு காப்புச் சட்டம் உண்டு. விரல் அதில் இலேசாகப் பட்டாலே மெஷின் நின்றுவிடும். அதனால் நாலு விரற்கடை தள்ளியே துணியை விட்டுவிட வேண்டியிருக்கும். விட்டால் மூலை கொஞ்சம் சுருண்டுகொண்டு போகும். மூலை சுருளாமல் இருக்க வேண்டுமானால் கடைசி வரை விரலால் நீவிக்கொண்டே போக வேண்டும். அதற்குக் காப்புச் சட்டம் வேலை செய்யக் கூடாது.

அதைத் தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டியவர் சூப்பர்வைசர். எந்நேரமும் மணி பார்த்துக்கொண்டே இருப்பதால் ஆலையில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். கட்டிய எட்டாவது நாள் உருளை அவள் கையை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தபோது ஒரு காகிதத்தை நீட்டி இடது கைப் பெருவிரலை ஒற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சட்டத்தைத் தொழிலாளியே கட்டிவைத்திருந்தாள் என்று அதில் எழுதியிருந்ததாகப் பிறகு யாரோ படித்துச் சொன்னார்கள். அந்தப் பேரோடு வேறு எந்த ஆலையும் அவளை வாசலுக்குள் விடவில்லை. போதகர் ஐயாதான் பார்த்து இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார். ஆலையில் அவள் நின்ற இடத்தில் இப்போது அவளுடைய மருமகள் நிற்கிறாள்.

ஒரு ஞாயிறு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சபைமுன் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் முன்னால் போய் நின்றவர் கடிகாரம். ஒரு வருஷமாகத்தான் அவர் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். விரிப்பை இலவசமாகத் துவைத்துத் தருகிறேன் என்று முதல் மாதமே ஏற்றுக்கொண்டவரும் அவர்தான். அன்றைக்கு அவர் கைகூப்பிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"என் கண்ணு முன்னாடி ஒரு சகோதரிக்குக் கை போச்சு. அந்தச் சட்டத்தைக் கட்டினது நான். அவங்க கட்டினாங்கன்னு எழுதினது பொய். ரெண்டு வருஷமா நான் தூங்கல. போன புதன்கிழமை ராத்திரி முழங்கால்ல நின்னு அழுதேன். ஆண்டவர் என்னை மன்னிச்சுட்டார். என் நெஞ்சுல இருந்த பாரம் அப்படியே இறங்கிருச்சு."

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாக ஒருவர் வாயிலிருந்தாவது வராதா என்று அவள் ஏங்கிய வார்த்தை வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அது மன்னிக்கவும்பட்டுவிட்டது. அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆண்கள் அவரைக் கட்டித் தழுவினார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரி அவள் தோளைத் தொட்டு, "எவ்வளவு பெரிய மனசு பாத்தியா அவருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அவள் போதகரின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கசப்பை நெஞ்சில் வைத்துக்கொள்ளக் கூடாது, மன்னித்தால்தான் உன் காயமும் ஆறும் என்று பொறுமையாகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பாவம் செஞ்சவங்க அழறதுக்கு ஜெபம் இருக்கு ஐயா. அந்தப் பாவம் யார் மேல விழுந்துச்சோ, அவங்களுக்கு என்ன ஜெபம்?"

 போதகர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். அவருக்கே அது புதிய கேள்வி என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில், அந்தச் சகோதரரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

காகிதத்தை மாற்றி எழுத வேண்டும் என்றோ, போன கைக்கு ஈடு வேண்டும் என்றோ அவள் கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கம்பி இன்னும் கட்டித்தான் இருக்கு ஐயா. என் மருமக அங்க நிக்கிறா. அதை அவிழ்த்துவிடச் சொல்லுங்க. அது போதும். அவிழ்த்துட்டா நான் மன்னிச்சுடறேன்."

அன்று மாலையே போதகர் கடிகாரத்தையும் அவளையும் வரவழைத்தார். ஆலையில் அவளை வாடி போடி என்று விரட்டியவர் இப்போது சகோதரி என்றார், நீங்க என்றார். கம்பியைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. நாளைக் காலையில் முதல் வேலையாக அவிழ்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவளுடைய மொட்டைக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தார். கண்ணீர் அந்தத் தழும்பில் சொட்டியது. அது பொய்க் கண்ணீர் இல்லை. அவளும் அழுதாள். அறுவைச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அந்தக் கையை ஆஸ்பத்திரிக்காரர்களையும் மருமகளையும் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

மருமகள் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளுக்குத் தலைபின்னி விடுவாள். மகன் லாரி ஓட்டப் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். வீட்டில் இவர்கள் இருவர்தான். "எங்க அத்தை எதையும் ஒரு கை பாத்துடுவாங்க, இந்தப் பின்னலைத் தவிர" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் புதன்கிழமை பின்னிக்கொண்டே, கம்பியை அவிழ்த்துவிட்டார்கள் என்றாள். மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று உயிரை வாங்குகிறது என்று குறையும் சொன்னாள். நிற்கட்டும், நூறு முறை நிற்கட்டும் என்றாள் மாமியார்.

சனிக்கிழமை விரிப்பு வந்தது. அவள் கோயில் கதவைச் சாத்திவிட்டு மேஜைமேல் அதைப் பிரித்தாள். வலப்பக்க மூலை ஒன்று உள்ளே சுருண்டு, சூட்டில் அப்படியே படிந்துபோயிருந்தது. இன்னொன்றில் மூன்று கோடாகச் சுருக்கம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சுருண்ட மூலையைக் கன்னத்தில் வைத்து ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அப்படியே தரையில் முழங்காலிட்டு, அவரை நான் மன்னித்துவிட்டேன் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் நிஜமாகவே நெஞ்சு லேசானது. போதகர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் போதகர் அதைச் சபையில் அறிவித்தார். அடுத்த ஞாயிறு திருவிருந்து. சகோதரரும் சகோதரியும் ஒன்றாக வந்து மேஜைமுன் முழங்காலிட்டு அப்பம் வாங்கப்போகிறார்கள், அதுவே நமக்கெல்லாம் பெரிய சாட்சி என்றார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு போதகரின் மனைவி விரிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகாரம் அந்தப் பக்கமாக வந்தார். மூலையெல்லாம் சுருண்டிருக்கிறதே, அடுத்த வாரம் திருவிருந்தாயிற்றே, கொஞ்சம் கவனிக்கச் சொல்லக் கூடாதா என்று அவள் தன்மையாகத்தான் கேட்டாள். கவனித்துவிடலாம் அம்மா என்றார் அவர். துடைப்பத்தோடு நின்றிருந்தவள் காதில் இது விழுந்தது. வீட்டுக்குப் போகும்வரை அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. துணி பலகைபோலப் படிந்திருந்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். கத்தியால் நறுக்கினாற்போல இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவள் பார்க்கவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல வீட்டுக்கு ஓடினாள்.

மருமகள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வாரத்துக்கு மேல தாங்கல அத்தை. லோடு குமிஞ்சுபோச்சு. மேல இருந்து போன் மேல போன். ஆஸ்பத்திரிக்காரங்க மூலை சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கோயில்ல இருந்தும் சொன்னாங்களாம்."

"அவரேதான் கட்டினாரா?"

மருமகள் துண்டைக் கொடியில் போட்டாள். 

"அவர் கட்டல. என் கையால கட்டமாட்டேன், ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்னு சொல்லிட்டார். கம்பியை என்கிட்ட கொடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். நான்தான் கட்டினேன்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நீட்டிய காகிதம் கண்முன் வந்தது. தன் விஷயத்தில் அதில் பொய்யாக எழுதியது இவள் விஷயத்தில் உண்மையாகிவிட்டது. நாளைக்கு ஒன்று ஆனால் யாரும் பொய் எழுத வேண்டியதில்லை. யாரும் அழுது சாட்சி சொல்லவும் வேண்டியதில்லை.  இனிமேல் நீ அங்கே போகாதே என்றாள். நான் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள் அத்தை, நமக்கு யார் வேறு இடத்தில் வேலை கொடுப்பார்கள் என்றாள் மருமகள்.  மாமியார் அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் சூட்டில் காய்ந்து வழவழவென்று இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போதகரைத் தனியாகப் பிடித்துச் சொல்லப் பார்த்தாள். அவர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார், வெளியே மணி அடித்துவிட்டது. இரண்டு வாக்கியம் கேட்டதுமே அவர் முகம் வாடியது. விசாரிக்கிறேன், கட்டாயம் விசாரிக்கிறேன் என்றார். இன்றைக்கு மேஜைக்கு வா, சபை முழுக்க உனக்காகக் காத்திருக்கிறது என்றார்.

திருவிருந்து நேரம் வந்தது. கடிகாரம் முன்னால் போய் மேஜைமுன் முழங்காலிட்டார். தன் இடப்பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தார். போதகர் தலையை நிமிர்த்திக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார். சபையும் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இடது கையால் மொட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, மேஜை விளிம்பில் தொங்கிய அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னாளே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "இன்னும் மனசுல வச்சிருக்கா பாரு" என்றது பக்கத்துக் குரல்.

 போதகர் அப்பத்தைப் பிட்டார். கடிகாரம் கண்ணை மூடி, இடது உள்ளங்கைமேல் வலது உள்ளங்கையை வைத்து இரண்டு கைகளையும் ஏந்தினார்.

எல்லோரும் போன பிறகு பெஞ்சுகளை அவள் ஒழுங்குபடுத்தினாள். மேஜைமேல் இருந்த தட்டையும் கிண்ணத்தையும் எடுத்து வைத்தாள். விரிப்பில் கொஞ்சம் அப்பத் துணுக்குகள் கிடந்தன, ஓர் இடத்தில் திராட்சை ரசம் சிந்தியிருந்தது. துணுக்குகளைக் கையில் வழித்தெடுத்துவிட்டு, விரிப்பின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுநுனியை இடது கையால் இழுத்து மடித்தாள். மூலையோடு மூலை இம்மியும் பிசகாமல் பொருந்தியது. வழக்கம்போல அதைப் பைக்குள் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் ஆலைக்குக் கொண்டுபோகிறவள் மருமகள்தான்.