கிரீச்சென்று திறக்கும் கேட்

ஓடுவதைப் பற்றி எழுதியே பெயர் வாங்கியவர் அவர். ஒரு நாளும் ஓடியதில்லை என்பது அவருக்கும் ஏரிப் பூங்கா கேன்டீன்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

வாரப் பத்திரிகையில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். ஓடுவதற்கு அழகான பாதை எங்கே இருக்கிறது, எங்கே திரும்ப வேண்டும், எந்த மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று வாரம் ஒரு பாதை எழுதுவார். ஆரம்பத்தில் சிலவற்றை நடந்தாவது பார்த்தார். அப்புறம் முட்டி முனகியது, சோம்பல் தோளில் கை போட்டது. ஞாயிறு விடிந்ததும் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் நேராக ஏரிப் பூங்காவின் படகுத்துறைக் கேன்டீன்தான். ஜன்னலோர நாற்காலி, கையில் டீ, போனில் மேப். ஏரியைப் பார்த்தபடி எழுதித் தள்ளுவார். வீடு திரும்பும் முன் குழாயில் முகம் கழுவி, சட்டையிலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வார்.

"இப்படி வேர்த்து விறுவிறுத்து வர்றீங்களே" என்று மனைவி துண்டை நீட்டுவாள். அதை வாங்கும்போது மட்டும் அவர் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தப் பக்கத்துக்கு முதல் ரசிகர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். டாக்டர் போட்ட மிரட்டலில் ஓட ஆரம்பித்து, தொப்பையைப் பாதியாகக் கரைத்தவர். கடைக்கு வருகிறவர்களின் பார்வையைச் சோதிக்க, அச்சடித்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, மாப்பிள்ளை எழுதிய பக்கத்தை அட்டையில் ஒட்டி நீட்டுவார்.

"இந்த வரி தெரியுதா? படிங்க."

"ஏரிக்காற்று உங்கள் முதுகில் கைவைத்துத் தள்ளும்..."

"கீழே பொடி எழுத்து? தெரியலையா? பவர் ஏறியிருக்கு. எழுதினது யாருன்னு பாத்தீங்களா? எங்க வீட்டு மாப்பிள்ளை!"

இந்த வாரம் வெளிவந்திருந்தது ஏரிக்கரை மாளிகைகளின் பாதை. படகுத்துறையில் கிளம்பி, மரப்பாலம் தாண்டி, மணிக்கூண்டு வைத்த மாளிகையைச் சுற்றி, நீல ஜன்னல் மாளிகையின் பின்தோட்டத்துக்குள் நுழைய வேண்டும். 'தோட்டத்தின் கோடியில் ஒரு சின்ன இரும்புக் கேட். தள்ளுங்கள். கிரீச்சென்று சிணுங்கிக்கொண்டே திறக்கும். அடுத்த அடியில் ஏரி மொத்தமும் உங்களுக்குத்தான்.' எழுதி முடித்ததும் அவருக்கே அந்த வரி மேல் ஆசை வந்துவிட்டது. மேப்பில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. கோடு என்றால் கேட்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மச்சான் போன் செய்தார். "மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை எங்க கோஷ்டி மொத்தமும் உங்க ரூட்ல ஓடப்போகுது. நீங்கதான் முன்னாடி ஓடி வழி காட்டணும்னு எல்லாரும் ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். "இந்த வாரம் கொஞ்சம் வேலை மச்சான்..."

"வேலையாவது ஒண்ணாவது!" பக்கத்திலிருந்து மனைவி போனைப் பிடுங்கினாள். "வருவார்ண்ணா. ஊருக்கெல்லாம் ஓடச் சொல்லிக் கொடுக்கிறவர், உனக்காக ஒரு நாள் ஓட மாட்டாரா?"

சனிக்கிழமை காலை, பல் வலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அந்தக் கேட்டையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். நீல ஜன்னல் மாளிகையின் முன்வாசல் வழியாகச் சுற்றிப் பார்க்க வந்தவர் போல நுழைந்து, பின்தோட்டத்துக்கு நடந்தார். தோட்டக் கோடியை நெருங்கியபோது பேச்சுக் குரல் கேட்டது. செடி வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

இலைகளின் சந்து வழியாகத் தெரிந்தது ஒரு சுவர். ஆள் உயரத்துக்கு மேலே. கேட்டும் இல்லை, கேட்டின் தடயமும் இல்லை. சுவருக்கு முன்னால் ஓட்ட உடையில் ஒரு பெண். கையில் அவர் எழுதிய பக்கம், வேர்வையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு எதிரே, தலையில் தொப்பியோடு, மச்சான்.

"எழுதினவன் கண்ணைக் கட்டிக்கிட்டு எழுதினானா?" என்றாள் அந்தப் பெண். "கேட் எங்க சார்?"

"அவர் ஓடினப்ப இருந்துச்சும்மா. ஏதோ மராமத்துன்னு இப்பத்தான் அடைச்சுட்டாங்க."

"இப்பத்தானா?" அவள் சுவரைத் தடவிவிட்டு விரலைக் காட்டினாள். பச்சையாக இருந்தது. "பாசி புடிச்சிருக்கு சார்!"

"ஏரிக்கரை இல்லையா, ஈரம். சீக்கிரம் புடிச்சுக்கும்."

"எங்க அக்கா நேத்து இங்க முட்டிக்கிட்டு நின்னுட்டு, மெயின் ரோடு வழியா சுத்தி ஓடியிருக்கா. லாரி உரசிட்டுப் போச்சு. முழங்கை பூரா சிராய்ப்பு."

மச்சானின் குரல் இறங்கியது. "ரோட்டுப் பக்கம் போகாதீங்கம்மா. வந்த வழியே மணிக்கூண்டு வரைக்கும் போங்க, வலது கைப்பக்கம் படி இருக்கு, கரைக்கு எறங்கும். அதுக்குத்தான் விடிஞ்சதுல இருந்து நிக்கிறேன். அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

"நீங்க எதுக்கு சார் கேக்கணும்?"

"எழுதினவர் எங்க வீட்டு ஆளும்மா."

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஓடிப்போனாள்.

செடி வேலிக்குப் பின்னால் நின்றவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சத்தம் போடாமல் நழுவிவிட வேண்டும். ஒரு கால் பின்னால் வைத்தார். மச்சான் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து யாருக்கோ போட்டார்.

அடுத்த நொடி, வேலிக்குப் பின்னால் இவருடைய பாக்கெட்டிலேயே மணி அலறியது.

மச்சான் திரும்பினார். செடி வேலியைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தபடியே பேசினார். "மாப்பிள்ளை, நாளைக்கு ஓட்டம் வேண்டாம். எனக்கு முட்டி வலின்னு தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. சொல்லத்தான் கூப்பிட்டேன். வெளிய வாங்க, கம்பளிப்பூச்சி ஏறிடப் போகுது."

அவர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வேர்த்து ஊற்றியது, இந்த முறை நிஜ வேர்வை.

"எப்பலேருந்து தெரியும் மச்சான்?"

"ஆறு மாசம் முன்னாடி ஒரு ரூட்ல, மரப்பாலம் தாண்டி இடது பக்கம் மல்லிகைத் தோட்டம்னு எழுதினீங்களே, அப்ப. போய்ப் பாத்தா கோழிப் பண்ணை. பூ வாசனையைத் தேடி மூச்சை இழுத்து விட்டேன் பாருங்க, ரெண்டு நாள் சோறு எறங்கலை." மச்சான் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் உங்க ஷூ. ஒரு வருஷமா ஓடுற ஷூவோட அடியில கம்பெனி பேர் பளிச்சுனு தெரியுது."

"கேட்டிருக்கலாமே. நாலு திட்டாவது திட்டியிருக்கலாமே."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? இன்னொரு கதை. அதையும் நான் கேக்கணுமா?" மச்சான் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "புது ரூட் வந்தா மறுநாளே ஓடிப் பாத்துருவேன். கோளாறு இருந்தா வந்து நின்னுக்குவேன். இந்தத் தடவை நேத்து கடையில கூட்டம், வர முடியலை. அதுக்குள்ள அந்தப் பொண்ணு அடிபட்டுடுச்சு. ராத்திரி கடைக்கு வந்த ஒருத்தர் இங்க கேட்டே இல்லைன்னு சொன்னார், அப்பவே கடையில இருந்த உங்க அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டேன் மாப்பிள்ளை. கண்ணு சரியாத் தெரியலைன்னு நம்பி வர்றவங்க கையில இதைக் கொடுக்க மனசு வரலை."

எந்தத் திட்டும் அவருக்கு இப்படி உறைத்திருக்காது. அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நாளைக்கு நான் வர்றேன் மச்சான். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"எல்லாருக்கும் அப்புறம் சொல்லலாம். தங்கச்சியும் வர்றா. உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு ரகசியமா ஷூ வாங்கிக் கட்டிலுக்கடியில வெச்சிருக்கா. அதனாலதான் ஓட்டமே வேண்டாம்னு நெனச்சேன்."

ஸ்கூட்டர் எப்படி வீடு வந்து சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்த மனைவி, "பல்லு எப்படி இருக்கு?" என்றாள். அவர் நேராகப் படுக்கை அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பெட்டி இருந்தது. திறந்தார். புது ஷூதான், ஆனால் அடிப்பாகம் தேய ஆரம்பித்திருந்தது.

"ஐயோ, பாத்துட்டீங்களா!" அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "உங்க வேகத்துக்கு என்னால வர முடியாதுல்ல? அதான் ஒரு மாசமா நீங்க ஆபீஸ் போனதும் மொட்டை மாடியில சுத்திச் சுத்தி ஓடிப் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்வது போலச் சொன்னார். கேன்டீன் நாற்காலி, குழாய்த் தண்ணீர், கோழிப் பண்ணை, பாசி பிடித்த சுவர், யாரோ ஒரு பெண்ணின் முழங்கை, அவள் அண்ணன் கேட்ட மன்னிப்பு. ஒன்றையும் விடவில்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவள் அலமாரியிலிருந்து அவருடைய துண்டை எடுத்து, மறுபடி மடித்து வைத்தாள்.

"அந்தக் கேட்டு," என்றாள். "தள்ளினா கிரீச்சுன்னு சிணுங்கும்னு எழுதியிருந்தீங்களே. அந்தச் சத்தமும் பொய்யா?"

"அதுவும்தான்."

அவள் கண் கலங்கியது அப்போதுதான். "அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னுதான் நான் வர்றேன்னே சொன்னேன்."

அவரால் நிமிர முடியவில்லை. அவள் அருகில் வந்து, அவர் மடியிலிருந்த ஷூவை எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து, காலில் மாட்டி, நாடாவை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க, நாளைக்கு ஓட்டம் உண்டு. நான் வர்றேன், மணிக்கூண்டுப் படி வழியா."

"நான்?"

"நீங்க அந்தச் செவுத்துகிட்ட நில்லுங்க. அண்ணன் நின்ன இடத்துல. வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் இங்க கேட்டே இல்லைன்னு நீங்களே சொல்லுங்க." எழுந்து மொட்டை மாடிக் கதவைத் திறந்தாள். "நான் வரும்போது எனக்கும் ஒரு தடவை சொல்லணும். என் முகத்தைப் பாத்து."

சற்று நேரத்தில் தலைக்கு மேலே தொம் தொம்மென்று காலடிச் சத்தம் சுற்ற ஆரம்பித்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.